பெயருக்கு விலையா, பயனுக்கு விலையா?



சென்ற ஆண்டு ஜூன் மாதத்து அமாவாசை நாள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் விழாவுக்குச் செல்லும் மக்களால் செஞ்சிச் சாலையில் வந்த பேருந்துகள் அனைத்தும் நிரம்பி வழிந்தன. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு, மூன்றாவதில் நின்றுகொண்டே வந்து சேர்ந்ததாகக் கூறியபடி, ஒரு தாயும் மகளும் நம் பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தனர்.

குடும்பம் நமக்கு நன்கு அறிமுகமானது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் மல்லாட்டை பயிரிட்டு, குடும்பத்தை இங்கே நடத்துபவர் மனைவி. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் திருவண்ணாமலையில் பி.காம். படிப்பில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். மல்லாட்டையைச் செஞ்சி கமிட்டியில் போட்டு வந்த பணத்தில் 40,000 ரூபாய் கையில் இருந்தது. அதனுடன் ஒரு தாளும் இருந்தது.

அத்தாளில் மூன்று ஆலோசனைகள் எழுதப்பட்டிருந்தன. பெங்களூரில் பணிபுரியும் உறவுப் பையன், “வாங்கினால் ஆப்பிள்தான் வாங்க வேண்டும்; 90,000 ஆனாலும் எட்டு ஆண்டு உழைக்கும்” என்று சொல்லியிருந்தான். கடைக்காரர் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, முன்பணமின்றித் தவணையில் தருவதாகக் கூறியிருந்தார். பெண்ணின் தாய்மாமன், சென்னை ரிச்சி தெருவில் பழைய அலுவலகக் கணினி 18,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றிருந்தார்.

“சாமி, நாலு பேர் நாலு பேரு சொல்றாங்க. எது நல்ல பேருன்னு நீங்கதான் சொல்லணும். ஆப்பிள்தான் வேணும்னா இந்தச் சங்கிலிய வச்சிக்கிட்டு மீதிய வாங்கிடுவேன்” என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார் அந்தத் தாய்.

நாமோ குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவர்கள். ஆயினும் கேட்டவரை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லை. அவர்கள் வீட்டில் ஒரு பழைய அரசு மடிக்கணினி துணியில் சுற்றிப் பரண்மேல் கிடப்பதை நாம் அறிவோம். 2012-ஆம் ஆண்டில் தாய்மாமன் பள்ளியில் பெற்றது அது. “எதற்கு அம்மா வீண் செலவு? அதைச் சரிசெய்து லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். இலவசமாகக் கிடைப்பது, கடனும் வேண்டாம், சங்கிலியும் தப்பும்” என்று உறுதியாகக் கூறிவிட்டோம். தாயின் முகம் தெளிந்தது. மகளின் முகம் வாடியது. அதை நாம் கண்டோம்; ஆனால் பகட்டுக்கு ஆசைப்படும் இளம் வயதின் வாட்டம் என்று எண்ணி வாளாவிருந்தோம்.

எட்டு நாள் கழித்து அப்பெண் தனியே வந்தாள். கல்லூரியில் கொடுத்த பாடத்திட்டத்தை நீட்டினாள். அதில் டேலி என்னும் கணக்குப் பதிவு மென்பொருள் பாடமாகவே இருந்தது. அம்மென்பொருள் விண்டோஸ் இயங்குதளத்திற்காக ஆக்கப்பட்டது. லினக்சிலோ, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளத்திலோ அது நேரடியாக இயங்காது. நாம் சொன்னபடி செய்திருந்தால் அவள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க நேர்ந்திருக்கும். பெங்களூர்ப் பையன் சொன்னபடி செய்திருந்தாலோ, சங்கிலியும் போய், 90,000 ரூபாயும் போய், அதே நிலைதான் வாய்த்திருக்கும்.

நாம் நாணினோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதன்பின், நம் பங்கின் கணினி அறிந்த இளைஞர் இருவரை அழைத்து அமரச்செய்து, இப்பொருளைச் சற்று முறையாகக் கற்றுக்கொண்டோம். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் எத்தனையோ இல்லங்களில் இதே வினா எழுகின்றது. ஆகவே கற்றதை இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரே பெட்டியில் இரண்டு தளங்கள்

கணினியின் உடல் வேறு. அதை நடத்தும் இயங்குதளம் வேறு. நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் எழுத்து தோன்றுவதும், கோப்பு சேமிக்கப்படுவதும், அச்சுப்பொறி அசைவதும் இயங்குதளத்தின் ஏற்பாட்டால் நிகழ்பவை. இவ்விரண்டையும் தமிழ்நாட்டின் எளிய குடும்பங்கள் முதன்முதலாக ஒருசேரக் கண்டது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்தான். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதனைத் தொடங்கிவைத்தார். 2020 வரையில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைகளைச் சென்றடைந்தன.

அத்திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் ஒரு புதுமை இருந்தது. ஒரே பெட்டிக்குள் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்னும் தளமும், பாஸ் என்னும் லினக்ஸ் தளமும் சேர்ந்தே இருந்தன. மாணவன் கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். பாஸ் என்பது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம். விண்டோஸ் ஸ்டார்ட்டரோ, மைக்ரோசாப்ட் நிறுவனம் விலை குறைந்த கணினிகளுக்காகச் சுருக்கிக் கொடுத்தது. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. சுருக்கமில்லாத முழுத் தளமாகிய பாஸ் அருகிலேயே இருந்தது. எனினும் நம் ஊர்ப்பக்கத்தில் நாம் கண்ட அளவில், பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோசையே திறந்தனர்.

ஏன்? பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்தது அது. கணினி மையத்தில் சொல்லிக்கொடுத்தது அது. பாட்டும் படமும் பதிந்து தரும் கடைக்காரர் அறிந்ததும் அதுவே. இயங்குதளத்தின் மதிப்பு அதன் விலையிலும் திறத்திலும் மட்டும் அடங்குவதில்லை. தடுமாறும்போது உதவ அருகில் யார் இருக்கிறார் என்பதும் அதன் மதிப்பில் சேரும். கேரள மாநிலம் இதை உணர்ந்து, பள்ளி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்தது. கைட் என்னும் அரசு நிறுவனத்தின் வழியே பள்ளிகளில் லினக்சை நிலைநாட்டியது. அங்கே ஆசிரியரே உதவியாளர் ஆனதால் பிள்ளைகளும் தயங்காது பழகினர்.

அரசுத் திட்டம் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. ஏசர், லெனோவோ, எச்.சி.எல். எனப் பல நிறுவனங்கள் அக்கணினிகளை வழங்கின. ஆனால் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வரையறுத்தது எல்காட் என்னும் அரசு நிறுவனம். ஆகவே மேலே ஒட்டிய பெயர் வேறானாலும் உள்ளே இருந்தது ஏறத்தாழ ஒன்றே. 2012-இல் பெற்றவற்றுள் சில ஓராண்டில் பரணேறின. சில பத்தாண்டுகள் உழைத்தன. வேறுபாடு பெரும்பாலும் வைத்திருந்தவர் கையில் இருந்தது.

கோட்டையின் பெயரும் கொடியும்

நம் செஞ்சிக் கோட்டையை அறியாதார் யார்? 2025 ஜூலையில் அது உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கோட்டையின் பெயர் இன்றும் செஞ்சிதான். ஆனால் நாயக்கர் கொடி இறங்கிப் பிஜப்பூர்க் கொடி ஏறிற்று. 1677-இல் சிவாஜியின் கொடி. 1698-இல் முகலாயர் கொடி. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கொடி. 1761-இல் ஆங்கிலேயர் கொடி.

கணினி உலகிலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஐ.பி.எம். என்னும் பெயருக்காகவே திங்க்பேட் கணினியை வாங்கியோர் ஒரு காலத்தில் பலர். 2005-இல் அப்பிரிவு முழுவதையும் சீனாவின் லெனோவோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. 1976-ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்கள் மூன்று நாடுகளில் தோன்றின: அமெரிக்காவில் ஆப்பிள், தைவானில் ஏசர், இந்தியாவில் எச்.சி.எல். முன்னிரண்டும் இன்றும் கணினி விற்கின்றன. நம் நாட்டு எச்.சி.எல். குழுமமோ 2013-க்குப் பின் கணினி உற்பத்தியை விட்டு விலகியது. பெயரை நம்பி வாங்கியவர் பிற்காலத்தில் உதிரி உறுப்புக்கு அலைய நேரிடலாம்.

மேலும், கடையில் காணும் நிறுவனங்களுள் பல தம் கணினிகளை முற்றிலும் தாமே செய்வதில்லை. குவாண்டா, காம்பால் போன்ற தைவான் நிறுவனங்கள் பல பெயர்களுக்கும் செய்து கொடுக்கின்றன. மூளையாகிய செயலி பெரும்பாலான கணினிகளில் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்துடையது. ஆப்பிள் மட்டும் 2020 முதல் தானே வடிவமைத்த செயலியைப் பொருத்தி வருகின்றது. அதனால் அதன் மின்கலம் நெடுநேரம் தாங்குகின்றது என்பது உண்மையே.

ஒரே நிறுவனம் 30,000 ரூபாய்க்கும் கணினி விற்கின்றது; 1,50,000 ரூபாய்க்கும் விற்கின்றது. உடல், திரை, கீல், விசைப்பலகை எல்லாம் தரத்தில் வேறுபடும். அப்படியிருக்க, எந்தப் பெயர் நல்லது என்ற வினாவுக்கு நேரான விடை ஏது? ஒரே சூளையில் வெந்தாலும் அகல் அகல்தான், பானை பானைதான்.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

அவலூர்பேட்டைச் சந்தையில் மாடு வாங்கும் விவசாயி எப்படி வாங்குகிறார்? எந்த ஊர் மாடு என்று கேட்பார். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். நாலடி நடத்திப் பார்ப்பார். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து என்ன விலை சொன்னாலும், மாட்டைப் பார்த்த பின்தான் தலையசைப்பார். அதே விவசாயி மடிக்கணினிக் கடையில் மட்டும் பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

பார்க்க வேண்டிய பற்கள் இவை. முதலாவது நினைவகம். படிக்கும் பிள்ளைக்கு இன்று 8 ஜி.பி. இருத்தல் நலம். அதைப் பின்னர்க் கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்று கேளுங்கள். சிலவற்றில் நினைவகம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவோடு காலம் கழிக்க வேண்டியதுதான். ஆப்பிள் மடிக்கணினிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது சேமிப்பகம். சுழலும் பழைய வன்தட்டைக் காட்டிலும் எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையா உறுப்பு பன்மடங்கு விரைவானது; 256 ஜி.பி. ஒரு மாணவிக்குப் போதும். மூன்றாவது செயலியின் தலைமுறை. இன்டெல் ஐ-3, ஐ-5 என்று மட்டும் பார்த்தால் போதாது. பத்தாண்டுக்கு முந்தைய ஐ-5 செயலியைக் காட்டிலும் இன்றைய ஐ-3 திறமானதாக இருக்கக்கூடும். நான்காவது உத்தரவாதம். பழுது நேர்ந்தால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? போவதாயின் திருவண்ணாமலைக்கா, புதுச்சேரிக்கா, சென்னைக்கா?

இந்த நான்காவதில் நாமே இடறியதுண்டு. சில ஆண்டுகளுக்குமுன் பங்கு அலுவலகத்துக்கு ஒரு கணினி வாங்கினோம். பெயரும் பெரிது, விலையும் பெரிது. ஏழாம் மாதம் திரை இருண்டது. அதைப் பழுதுபார்க்கும் இடம் சென்னையில்தான் இருந்தது. மூன்று முறை சென்று வந்த பயணச் செலவையும், அலுவலகம் நின்ற நாட்களையும் கூட்டினால் அதன் விலையில் ஒரு பங்கு ஆயிற்று. குறை கணினியுடையது மட்டுமன்று. வாங்குமுன் கேளாதது நம்முடைய குறை.

நான்கு தளங்களின் நிறைகுறை

இனி இயங்குதளங்களுக்கு வருவோம். விண்டோஸ் எங்கும் பரவியது. வணிகவியல், அலுவலகப் பணி, அரசு அலுவல் ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் அதற்கே ஆக்கப்படுகின்றன. சிற்றூரிலும் உதவி கிடைக்கும். ஆனால் அதற்கும் ஆயுட்கால வரம்பு உண்டு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. ஆதரவு முடிந்த கணினி உடனே நின்றுபோவதில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். கதவின் தாழ்ப்பாள் தளர்ந்தாலும் சரிசெய்ய ஆள் இல்லாத வீட்டைப் போன்றது அது. வங்கிக் கணக்கையும் பணப்பரிமாற்றத்தையும் அதில் நடத்துவது ஆபத்து.

தாய்மாமன் சொன்ன பழைய அலுவலகக் கணினியில் மறைந்திருந்த சிக்கல் இதுவே. 2021-இல் வந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்குத் தகுதியற்றவற்றை அலுவலகங்கள் கழித்துவிடும்போது அவை மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. பழையது வாங்குவது இழிவன்று; ஆயினும் தலைமுறையைக் கேட்டறிந்து, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கண்ணெதிரே இயக்கிப் பார்த்து வாங்க வேண்டும்.

மேக் இயங்குதளம் நேர்த்தியானது; ஆப்பிள் தன் கணினிக்கென்றே ஆக்கியதாகையால் உடலும் உயிருமாகப் பொருந்தி, நீண்டநாள் உழைக்கின்றது. படத்தொகுப்பு, வடிவமைப்பு, இசைப்பதிவு முதலிய துறையினருக்கு அது தக்க கருவி. ஆனால் முதல் விலையும் பழுதுச் செலவும் மிகுதி.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி உலகுக்கு வெளியிட்டார். அதற்குமுன் 1983-இலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கியிருந்த கட்டற்ற மென்பொருள் முயற்சியும் அதனோடு இணைந்தது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். மின்ட், உபுண்டு, பாஸ் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. பழைய கணினிக்குப் புத்துயிர் அளிப்பதில் அதற்கு இணையில்லை. கடிதம், கணக்குத் தாள், இணையம் ஆகியவற்றுக்கு லிபரே ஆபீஸ் முதலிய இலவசக் கருவிகளே போதும். கணினி அறிவியல் பயிலும் பிள்ளைக்கு லினக்ஸ் பயிற்சி பெரும் பயன் தரும். உலகின் இணைய வழங்கிகளுள் பெரும்பாலானவை அதில்தான் இயங்குகின்றன.

நான்காவது குரோம் இயங்குதளம். கூகுள் நிறுவனத்துடையது; எளியது, விலையும் குறைவு. ஆனால் அதன் வேலைகள் பெரும்பாலும் இணையத்தைச் சார்ந்தவை. மாடிமேல் ஏறி நின்றால்தான் அலைவரிசை கிடைக்கும் ஊர்களில் வாழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குரோம் கணினிக்கும் புதுப்பித்தல் முடியும் நாள் ஒன்று உண்டு. அதனையும் கேட்டறிதல் நன்று.

வட்டியையும் விலையோடு கூட்டுக

மலிவா, உயர்வா என்பதை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் கூறினர். அவர்கள் எழுதிக் காட்டிய கணக்கு இது. 90,000 ரூபாய்க் கணினி எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 11,250 ரூபாய். 40,000 ரூபாய்க் கணினி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 8,000 ரூபாய். 18,000 ரூபாய்ப் பழைய கணினி இரண்டாண்டே உழைத்தால் ஆண்டுக்கு 9,000 ரூபாய். மிக மலிவாகத் தோன்றியது மலிவன்று. மிக உயர்ந்ததாகத் தோன்றியதும் அத்தனை உயர்வன்று.

இதுவரை பெங்களூர்ப் பையனின் வாதம் ஓரளவு நிற்கின்றது. ஆனால் அக்கணக்கு கையில் முழுப்பணம் வைத்திருப்பவருக்கு உரியது. இத்தாயிடம் இருப்பது 40,000. மீதி 50,000 ரூபாயை ஊரில் வழங்கும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். கணினியின் ஓராண்டு மதிப்பைவிட வட்டி கூடுதலாகிவிடுகிறது. அதற்குள் ஒரு மழை பொய்த்தால் சங்கிலி திரும்ப வராது. முன்பணமில்லாத் தவணையிலும், செயற்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று எவை எவை சேர்க்கப்பட்டுள்ளன என்பதைத் தாளில் எழுதி வாங்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அரசின் உதவியையும் மறந்துவிடலாகாது. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் வழங்கலும் தொடங்கியது. உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அது உரியதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்த பின் கடைக்குச் செல்லுங்கள்.

எழுதியது நிலைக்க வேண்டும்

இன்னும் ஒன்று சொல்ல விழைகிறோம். எந்தப் பெயர், எந்தத் தளம் என்று விவாதிக்கும் நாம், உள்ளே எழுதி வைப்பது நிலைக்குமா என்பதை எண்ணுவதில்லை. நம் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை முன்னிருந்த ஒருவர் பெரும் உழைப்புடன் கணினியில் ஏற்றியிருந்தார். கணினியை மாற்றியதும் எல்லாம் பொருளற்ற குறிகளாய்த் தோன்றின. பழைய தனி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தமையே காரணம். அதே எழுத்துருவைத் தேடிப் பிடித்து, மாற்றி எழுத இரண்டு மாதம் பிடித்தது. கையெழுத்துப் பதிவேடுகளோ, நூறாண்டு கடந்தும் அப்படியே படிக்கக் கிடக்கின்றன.

இன்று ஒருங்குறி என்னும் பொதுமுறை உண்டு. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கின்றது. பிள்ளைகளுக்கு அதில் தமிழ் தட்டச்சைப் பழக்குங்கள். ஒருங்குறியில் எழுதியது கணினி மாறினாலும், தளம் மாறினாலும், நிறுவனமே மறைந்தாலும் படிக்க இயலும். முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளை மூன்றாண்டு எழுதிய குறிப்பு போனால் எங்கே வாங்குவது?

அத்தாயும் மகளும் என்ன செய்தனர் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் இளைஞர் ஒருவர் உடன்செல்ல, திருவண்ணாமலையில் 39,000 ரூபாய்க்கு விண்டோஸ் 11 உள்ள ஒரு மடிக்கணினி வாங்கினர். எந்த நிறுவனம் என்று நாம் எழுதப் போவதில்லை; அடுத்த ஆண்டு அதே விலையில் வேறொன்று சிறந்ததாக இருக்கலாம். 8 ஜி.பி. நினைவகம், கூட்டிக்கொள்ள ஓர் இடம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., அவ்வூரிலேயே பழுதுபார்க்கும் வசதி: இவற்றைப் பார்த்தே எடுத்தனர். டேலியைக் கல்விப் பயன்பாட்டு முறையில் கட்டணமின்றியே பழகலாம் என்பதால் அதற்குச் செலவில்லை. பரண்மேல் கிடந்த பழைய அரசுக் கணினிக்குப் புது எஸ்.எஸ்.டி.யும் சிறிது நினைவகமும் பொருத்தி, எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி அதில் தமிழ் தட்டச்சு பழகுகிறான். சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கின்றது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பெண் நம்மைக் காண வந்தாள். கணினி எப்படி இருக்கிறது என்று வினவினோம். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, “ஃபாதர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்குத் திண்ணையில உக்காந்திருந்தப்ப, எனக்கு அதுல என்ன படிக்கணும்னு யாருமே என்கிட்ட கேக்கல” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பெங்களூர் உறவினரைக் கேட்டனர், கடைக்காரரைக் கேட்டனர், தாய்மாமனைக் கேட்டனர், நம்மையும் கேட்டனர். பயன்படுத்தப் போகிறவள் எதிரில் அமர்ந்திருந்தாள். அவளைக் கேட்டிருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும். இவ்வாண்டு கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், கடைக்குப் புறப்படுமுன் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். நிறுவனத்தின் பெயரைப் பற்றி அதன்பின் பேசிக்கொள்ளலாம்.